இன்னொரு அலமாரி வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எங்களோடு என் அம்மா. விடுமுறை நாளில் பாதி நாள் செலவழித்து வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன். மூன்றே நாளில் சாப்பாட்டு மேசை மறுபடியும் நிரம்பிவிடுகிறது. படுக்கையறை நாற்காலியில் துணி குவிகிறது. அலமாரிகள் எல்லாம் பிதுங்குகின்றன. அம்மா எதையும் தூக்கிப்போட விடுவதில்லை. பெரிதாக இன்னொரு அலமாரி வாங்கிவிடலாமா?

பதில்: அந்த யோசனையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஒழுங்குபடுத்திய வீடு மூன்று நாளில் கலைந்துபோவதற்கு உங்கள் சோம்பலோ பிள்ளைகளின் பொறுப்பின்மையோ காரணம் இல்லை. ஒரு சாமானைப் புழங்குவது ஓரிடம், அதை வைக்கச் சொல்லியிருப்பது வேறோரிடம். அந்தத் தூரத்தை ஐந்து பேரும் நாள் தவறாமல் நடந்துகொண்டிருக்க மாட்டார்கள். புது அலமாரி வந்தாலும் இது மாறாது. நிரப்புவதற்கு இன்னொரு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையையே பார்ப்போம். இன்று இரவு அதன்மேல் கிடப்பவற்றை எடுத்து வைக்காமல் ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வண்டிச் சாவி, கையெழுத்துப் போட வேண்டிய பள்ளித் தாள், கட்ட வேண்டிய பில், ஒரு சார்ஜர், மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில், பிரிக்காத பார்சல். இதில் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டது ஒன்றுகூட இல்லை. எல்லாமே வெளியிலிருந்து வந்தவை, அல்லது நாளைக்கு வெளியே போக வேண்டியவை. உள்ளே நுழைந்ததும் கையிலிருப்பதை இறக்கி வைக்க அகப்படும் முதல் சமதளம் அந்த மேசை. அதனால் அங்கே வந்து சேர்கின்றன.

மேசையைத் துடைத்து வைப்பதால் பயன் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் அந்தச் சாமான்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். சாவிக்கும் கைப்பைக்கும் சுவரில் கொக்கி. பிள்ளைகளின் பைக்கு அவர்கள் தோள் உயரத்தில் தனியாகக் கொக்கி. பெரியவர்கள் உயரத்தில் அடித்தால் பை தரையில்தான் கிடக்கும். சார்ஜர் நிரந்தரமாகச் செருகியிருக்க ஒரு மூலை. தாள்களுக்கு, நிற்க வைக்கிற மாதிரி ஒரே ஒரு குறுகிய தட்டு. ஒன்றே போதும். படுக்க வைத்த தட்டாக இருந்தால் அடியில் போனது அடியிலேயே கிடக்கும். நிற்க வைத்தால் எல்லாத் தாளின் விளிம்பும் தெரியும். தட்டு நிறைந்ததும் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

நாற்காலித் துணிக்கும் இதே கதைதான். ஒருமுறை உடுத்தியது, இன்னும் அழுக்காகவில்லை, ஆனால் துவைத்த துணியோடு வைக்கவும் மனம் வராது. இந்த இரண்டுங்கெட்டான் துணிக்கு எந்த வீட்டிலும் இடம் ஒதுக்குவதில்லை. கதவுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு கொக்கி அடியுங்கள். கொக்கி நிறைந்தால் பழையது துவைக்கப் போக வேண்டும். அழுக்குத் துணிக் கூடைக்கு மூடி வேண்டாம். துணி கூடையின் மேலேயே கிடப்பதற்குப் பல வீடுகளில் அந்த மூடிதான் காரணம்.

எங்கே எதை வைப்பது என்று தீர்மானிக்க நான் பார்ப்பது அசைவுகளின் எண்ணிக்கை. கதவைத் திறப்பது ஒன்று, முன்னால் இருப்பதை நகர்த்துவது ஒன்று, மூடியைத் தூக்குவது ஒன்று. தினமும் புழங்குவது ஒரே அசைவில் கைக்கு வர வேண்டும். முக்கியமாக, ஒரே அசைவில் திரும்பவும் போக வேண்டும். எடுக்கும்போது தேவை இருக்கிறது, அதனால் நாலு டப்பாவையும் நகர்த்தி எடுத்துவிடுவோம். திருப்பி வைக்கும்போது அந்த அவசரம் இருக்காது. வாரம் ஒருமுறை தேவைப்படுவதற்கு இரண்டு மூன்று அசைவு பரவாயில்லை. வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது பரணுக்குப் போகட்டும். முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரம்தான் வீட்டிலேயே மதிப்பான இடம். அங்கே பழைய கல்லூரி நோட்டுகளும் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் பாத்திரங்களும் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

சின்ன இடம் என்று சோர்ந்துபோக வேண்டாம். 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். சமைப்பவர் எங்கே நிற்கிறார், எத்தனை எட்டு வைக்கிறார் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு பொருளையும் அது தேவைப்படுகிற இடத்துக்குக் கைக்கெட்டும்படி வைத்தார். மாவுக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய, இழுத்து எடுக்கும் அலுமினியப் பெட்டிகள்கூட உண்டு. இன்றைய மாடுலர் சமையலறைகளுக்கு அது முன்னோடி. உங்கள் வீட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

பெரிய அலமாரி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் அதன் ஆழம். ஹேங்கரில் துணி தொங்கவிட ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். மடித்த துணிக்கு 40 போதும், புத்தகத்துக்கு 30-ஏ தாராளம். ஆழமான தட்டில் சின்னச் சாமான்களை அடுக்கினால் முன்வரிசை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பின்வரிசையில் இருப்பது மறந்துபோய், அதையே மறுபடி கடையில் வாங்கி வருவோம். வீட்டில் மூன்று கத்தரிக்கோலும் நாலு டார்ச்சும் சேர்வது இப்படித்தான். இப்போது இருக்கிற ஆழமான தட்டுகளில், தட்டின் முழு ஆழத்துக்கும் நீளும் பெட்டிகளை டிராயர் மாதிரி வைத்துப் பாருங்கள். பெட்டியை இழுத்தால் பின்னால் இருப்பதும் வெளியே வந்துவிடும்.

சரி, இனி கழிக்க வேண்டியதைப் பார்க்கலாம். மொத்த வீட்டையும் ஒரே நாளில் கொட்டிக் கவிழ்க்காதீர்கள். சாயங்காலம் ஆகும்போது தெம்பு தீர்ந்துவிடும், கொட்டியதை எல்லாம் அப்படியே திருப்பித் திணிப்பீர்கள். ஒரு டிராயர், அல்லது ஒரு தட்டு, அரை மணி நேரம். முழுக்கக் காலி செய்து, துடைத்து, ஒரே வகையானதை ஒன்றாகச் சேருங்கள். ஒயர் டிராயரில் இதைச் செய்து பார்த்தால் புரியும். ஒயர்கள் சிக்கிக் கிடக்கும்வரை எல்லாமே தேவை மாதிரி தோன்றும். பிரித்து, சுற்றி, வரிசையாக மேசையில் வைத்ததும் ஒரே மாதிரி ஏழெட்டு இருப்பது தெரியும். எந்தக் கருவிக்கு என்றே தெரியாத இரண்டு மூன்று இருக்கும். என்றைக்கோ தூக்கிப்போட்ட ரேடியோவின் அடாப்டர் ஒன்று இருக்கும். அதற்கப்புறம் முடிவெடுப்பது கஷ்டமே இல்லை.

மனசு ஒட்டாத சாமான்களில் தொடங்குங்கள்: காலாவதியான மருந்து, எழுதாத பேனா, டப்பா தொலைந்த மூடி. கடிதம், புகைப்படம், குழந்தை போட்ட முதல் சட்டை இதெல்லாம் கடைசி. முதல் நாளே புகைப்படப் பெட்டியைத் திறந்தால் அன்றைய வேலை அதோடு சரி.

“இது உதவுமா?” என்று கேட்காதீர்கள். எல்லாமே ஏதோ ஒரு நாள் உதவும். “இது என்னிடம் இல்லாவிட்டால் இன்றைக்குப் போய் வாங்குவேனா?” என்று கேளுங்கள். கானமன், நெட்ஷ், தாலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை, கிடைத்தவர்கள் கேட்டார்கள். சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படியென்றால், பத்து வருடம் பரணில் இருந்த சாமானை விடுவது சுலபமாக இருக்குமா? வாங்குவேனா என்று கேட்டால் அந்தப் பற்று கொஞ்சம் விலகி நிற்கும். ‘காசு கொடுத்து வாங்கினோமே’ என்ற எண்ணமும் வரும். அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது. வைத்திருப்பதால் திரும்பி வராது, இடம்தான் போகும்.

முடிவெடுக்க முடியாததை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே தேதி எழுதுங்கள். ஆறு மாதம் யாரும் தேடவில்லை என்றால் கொடுத்துவிடலாம். பத்திரம், சான்றிதழ், மருந்து இந்த மூன்றும் அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது.

கொடுக்க எடுத்து வைத்தது அந்த வாரமே வீட்டைவிட்டுப் போக வேண்டும். மாதக்கணக்கில் மூலையில் நிற்கும் பை மெல்ல மெல்ல மறுபடி வீட்டுச் சாமான் ஆகிவிடும், யாராவது அதிலிருந்து எதையாவது எடுக்கவும் தொடங்குவார்கள். பழைய கைபேசியையும் பவர் பேங்கையும் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, நசுங்கினால் தீப்பிடிக்கும். உப்பிப்போன பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் உங்கள் தகவல்களை அழித்துவிடுங்கள்.

சாமான் குறைந்த பிறகுதான் மரச்சாமான்களை நகர்த்துவது. முதலில் ஒரு டேப்பை எடுத்து நடைவழியை அளந்து பாருங்கள். அடிக்கடி நடக்கும் வழி 90 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு பேர் ஒதுங்கிப் போகலாம். கட்டில் ஓரத்தில் 60 போதும். சாப்பாட்டு நாற்காலியை இழுத்து எழுந்திருக்கப் பின்னால் 75 வேண்டும். புதிதாக எதை வாங்குவதாக இருந்தாலும், அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கடையில் சின்னதாகத் தெரிந்த சோபா வீட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அப்போது தெரியும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். காற்று போகாத இடத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கனமானது எப்போதும் கீழ்த்தட்டில்.

எந்தத் தட்டையும் முழுக்க நிரப்பாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். நிரம்பிய தட்டில் ஒன்றைத் திருப்பி வைக்க இரண்டை நகர்த்த வேண்டும், அங்கேதான் மறுபடி மேசைமேல் வைக்கும் பழக்கம் தொடங்குகிறது. இப்படி இரண்டு மாதம் நடந்த பிறகும் இடம் போதவில்லை என்றால் தாராளமாக அலமாரி வாங்குங்கள். எதற்காக, என்ன ஆழத்தில் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனி, அம்மா. அவர் இல்லாத நேரம் பார்த்து எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். ஒரே ஒரு முறை அப்படி நடந்தாலும், அதன் பிறகு ஒவ்வொரு பழைய டப்பாவையும் அவர் காவல் காப்பார். அவருடைய அலமாரியும் அவர் கட்டிலைச் சுற்றிய இடமும் அவர் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். நீங்கள் உங்கள் சாமானில் தொடங்குங்கள். அவரிடம் பேசும்போது “இது வேண்டுமா, வேண்டாமா” என்று கேட்காமல் “இதை எங்கே வைத்தால் உனக்கு எடுக்கச் சௌகரியம்?” என்று கேளுங்கள். பத்துப் பழைய பாத்திரங்கள் இருந்தால், அவருக்குப் பிடித்த இரண்டை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கண்ணில் படும்படி வையுங்கள். மற்ற எட்டைப் பற்றிப் பேச்செடுக்க அது வழிவிடும். பேரப்பிள்ளைகளில் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொன்றின் கதையையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கதை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பின் பொருளைக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் உறுதியாக நிற்கலாம். வயதானவர்களுக்குத் தரையில் கிடக்கும் பொருளும், நழுவும் மிதியடியும், குறுக்கே போகும் ஒயரும் ஆபத்து. அவர் கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் உள்ள வழியில் தரை முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், இரவில் ஒரு சின்ன விளக்கும் எரிய வேண்டும். “நீ விழுந்துவிடக் கூடாது” என்று சொல்லிக் கேட்டால் அம்மாக்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. இந்த வாரமே அந்த வழியில் தொடங்குங்கள். வாசல் கொக்கியை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.