அட்டையாக விறைத்த கம்பளி ஸ்கார்ஃப்: தில்லி வாசகிகளுக்குச் சில பதில்கள்

மார்கழி வந்தால் ஊரில் கோலமும் பொங்கலும். தில்லியில் நமக்குக் கம்பளியும் கீசரும். இங்கே வந்த பிறகுதான் பலருக்குக் கம்பளியோடு பழக்கமே ஏற்படுகிறது. அதில் சிலர் என்னைப்போல ஃபெல்ட் (நூற்காத கம்பளி இழையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துத் துணியாக்குவது) செய்யும் பைத்தியம் பிடித்து, சோப்புத் தண்ணீரும் பபிள் ராப்புமாக பால்கனியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: செய்தது விறைத்துப் போய்விட்டது. ஆனால் காரணம் ஒன்றல்ல. அதனால் எல்லோருக்கும் ஒரே மருந்தைச் சொல்ல முடியாது.

கேள்வி (துவாரகா): அம்மாவுக்காக முதல்முதலாக மெரினோ கம்பளியில் ஒரு ஸ்கார்ஃப் செய்தேன். ஈரமாக இருந்தவரை மெத்தென்று இருந்தது. காய்ந்ததும் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. இதை வைத்து விசிறிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். காப்பாற்ற வழி உண்டா?

உண்டு, கவலை வேண்டாம். "ஈரத்தில் மெத்தென்று, காய்ந்தால் அப்பளம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. கம்பளி உண்மையிலேயே இறுகிப் போயிருந்தால் நனைத்தாலும் விறைப்பு அவ்வளவாகக் குறையாது. காய்ந்த பிறகு மட்டும் விறைக்கிறது என்றால் உள்ளே சோப்பு தங்கியிருக்கிறது.

சோப்புக்கட்டி தேய்த்ததாகவும், உங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் வெள்ளையாகப் பிசுக்கு திரியும். குளியலறை வாளியின் ஓரத்தில் படிகிறதே, அதேதான். அது இழைக்கு இழை ஒட்டிக்கொண்டு, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி துணியை நிமிர்த்தி வைத்துவிடும். வெறும் தண்ணீரில் பத்து முறை அலசினாலும் போகாது. அதே தண்ணீர்தானே!

ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, ஸ்கார்ஃபை முழுக்க அமுக்கி 20 நிமிடம் ஊற விடுங்கள். தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள். தேய்த்தால் இன்னும் இறுகும். தண்ணீர் பால் போலக் கலங்கினால் சரியான வழியில் போகிறோம் என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை இதே போல ஊற வைக்கலாம். கடைசி அலசலை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வாளியில் பிடித்து வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிடாதீர்கள். குழாயில் வருவதைவிட உப்பு அதில்தான் அதிகம். வீடு துடைக்க அது போதும்.

வினிகருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சோப்பு காரத்தன்மை உள்ளது, கம்பளிக்கோ லேசான புளிப்பு நிலைதான் ஒத்துக்கொள்ளும். கார நிலையிலேயே காய்ந்த கம்பளி கைக்குச் சொரசொரப்பாக இருக்கும்.

பிறகு ஒரு பெரிய துவாலையில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். அரை ஈரத்தில் இரு முனையையும் பிடித்து, வேட்டியை உதறுவது போல நன்றாக உதறுங்கள். நீளவாக்கில், அகலவாக்கில், கோணலாக என்று மாற்றி மாற்றி மெதுவாக இழுத்துவிடுங்கள். தரையில் விரித்து நிழலில் காய வையுங்கள். ஜனவரியில் வெயிலே இல்லை என்று ரூம் ஹீட்டர் முன்னால் தொங்கவிட வேண்டாம், அந்தச் சூடு கம்பளியை முரடாக்கும். முழுக்கக் காயுமுன் ஒருமுறை கையால் கசக்கி உதறினால் இன்னும் இளகும். வாசனை பற்றிப் பயப்படாதீர்கள், காய்ந்தால் வினிகர் நெடி போய்விடும்.

கேள்வி (மயூர் விஹார்): நீங்கள் முன்பு சொன்ன வினிகர் வைத்தியம் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நனைந்தாலும் காய்ந்தாலும் பலகைதான். எடை 170 கிராம் இருக்கிறது.

எடை சொன்னதற்கு நன்றி. ஆறடி நீளம், ஓரடி அகலம் உள்ள ஸ்கார்ஃபுக்கு 60 முதல் 80 கிராம் கம்பளி தாராளம். உங்களுடையது இரண்டு ஸ்கார்ஃபின் கம்பளி ஒன்றில் அடைபட்டது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது பழையபடி ஆகாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் பட்டால் அவை விரியும். தேய்க்கத் தேய்க்க ஒரே திசையில் நகர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலை அவிழ்க்க எந்தத் திரவமும் கிடையாது. இணையத்தில் யாராவது உண்டு என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, ஈரப் பருத்தித் துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கம்பளிக்கான சூட்டில் வைத்து ஆவி பிடிக்க விட்டு, சூடு ஆறுமுன் இழுத்துவிடுங்கள். பிறகு நாய்க்கு முடி வாரும் மெல்லிய கம்பிச் சீப்பால் மேற்பரப்பை லேசாக வாரிவிட்டால் பஞ்சு எழும்பி, தொட மிருதுவாக இருக்கும். மடிப்பு என்னவோ கனமாகத்தான் விழும்.

இரண்டாவது எனக்குப் பிடித்த வழி, கத்தரிக்கோல். ஃபெல்ட் பிரிந்து நூல் உதிராது என்பதுதான் அதன் பெரிய குணம். ஸ்கார்ஃப் முழுவதும் இலை வடிவில், கோலப் புள்ளி வைப்பது போல வரிசை மாற்றி மாற்றிச் சின்னச் சின்னக் கீறல்கள் போடுங்கள். நீளவாக்கில், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். பலகைக்குக் கீல் வைத்தது போல அங்கங்கே வளையத் தொடங்கும். வெட்டிய விளிம்பில் விரல் நுனியில் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்தால் உருண்டு மூடிக்கொள்ளும். மனசு வரவில்லையென்றால் குறுக்கே வெட்டி இரண்டு பட்டன் தைத்துக் கழுத்துப் பட்டையாக்குங்கள். விறைப்பு அங்கே ஒரு வசதி, காலர் போல நிமிர்ந்து நிற்கும், காற்று புகாது.

என் முதல் ஸ்கார்ஃப் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன்: நான்கு சதுரமாகி, சூடான குக்கருக்கு அடியில் இருக்கிறது.

கேள்வி (கரோல் பாக்): பாட்டியின் கிழிந்த காஞ்சிபுரம் புடவையிலிருந்து ஒரு துண்டு எடுத்து நூனோ ஃபெல்ட் (துணியோடு கம்பளியைப் பிணைத்துச் செய்வது) செய்தேன். கம்பளி ஒரு பக்கம், பட்டு ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கிறது. மடங்கவே இல்லை.

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. காஞ்சிபுரம் பட்டின் பெருமையே அதன் நெருக்கமான, கனமான நெசவுதான். நூனோவுக்கு அதற்கு நேர்மாறானது வேண்டும். நூனோ என்றால் ஜப்பானிய மொழியில் துணி. 1990களில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டிர்லிங் என்ற கைவினைஞர் உருவாக்கிய முறை இது. கம்பளி இழை துணியின் கண்களுக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தால்தான் இரண்டும் ஒன்றாகும். துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சுலபமாகப் போனால் இழையும் போகும். ஷிஃபான், மெல்லிய மல்மல் எல்லாம் தேறும். காஞ்சிபுரம் தேறாது, ஜரிகை இருந்தால் சுத்தமாகத் தேறாது.

ஒட்டவில்லை என்பதே இப்போது உங்கள் அதிர்ஷ்டம். ஓரத்திலிருந்து பொறுமையாக உரித்தெடுங்கள். பட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, பூஜைத் துணியாகவோ பையாகவோ தைத்துக்கொள்ளலாம். பாட்டி கோபிக்க மாட்டார்.

கேள்வி (ஆர்.கே. புரம்): கண்டிஷனர் போடலாமா? பிளீச்?

தலைக்குப் போடும் கண்டிஷனர் போடலாம். அரை வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேரம், அப்புறம் லேசாக அலசல். இழையின் மேல் வழுவழுப்பாகப் படிவதுதான் அதன் வேலை, அடுத்த சலவையில் போய்விடும். சோப்பை வெளியேற்றிய பிறகே போடுங்கள், இல்லையென்றால் பிசுக்கின் மேல் பிசுக்கு. பிளீச் கூடவே கூடாது. விறைப்பு போகிறதோ இல்லையோ, கம்பளியே கரைந்து போகும்.

கேள்வி (முனிர்க்கா): ராஜஸ்தான் கம்பளி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். விறைப்பு கொஞ்சம்தான், ஆனால் கழுத்தெல்லாம் அரிக்கிறது.

பிக்கானேர் பக்கத்துக் கம்பளி பெரும்பாலும் தரைவிரிப்புக்கானது. இழை தடிமன். மெரினோ சுமார் 18 முதல் 23 மைக்ரான், தரைவிரிப்புக் கம்பளி பெரும்பாலும் 30ஐத் தாண்டும். தடித்த இழையின் நுனி தோலில் குத்தும்போது மடங்காது, அதுதான் அரிப்பு. ஊற வைத்து மாற்ற முடியாது. உட்பக்கம் மல்மல் வைத்துத் தையுங்கள். மீதிக் கம்பளியை வீணாக்க வேண்டாம், நம்தா மாதிரி சின்ன விரிப்பாகச் செய்யலாம். ஐ.என்.ஏ. எதிரே தில்லி ஹாட்டில் காஷ்மீர் நம்தா கண்ணில் பட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். விறைப்பாக இருக்க வேண்டிய ஃபெல்ட் எப்படி இருக்கும் என்று புரியும்.

கேள்வி (ஜனக்புரி): ஃபெல்ட் அல்ல, ஸ்வெட்டர். வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார்கள். என் ஸ்வெட்டர் இப்போது பேத்திக்குச் சரியாக இருக்கிறது.

பேத்திக்கே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (சாகேத்): அடுத்த ஸ்கார்ஃப் செய்யுமுன் இந்தத் தொல்லை வராமல் என்ன செய்யலாம்?

ஓரடிச் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு செய்யுங்கள். யாரும் செய்வதில்லை, நானும் பல வருடம் செய்யவில்லை. கம்பளியை, கீழே இருக்கும் மேசை மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இரண்டே அடுக்கு பரப்புங்கள். இறுதி அளவு எவ்வளவு சுருங்கியது என்று அளந்து, அந்தக் கணக்கில் ஸ்கார்ஃபைப் பெரிதாக விரியுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். விரல் நகத்தால் மேலே கிள்ளி இழுங்கள். தனி இழை பிரிந்து வந்தால் இன்னும் தேய்க்கலாம். துணி முழுவதுமாகச் சேர்ந்து எழும்பினால் போதும். அதற்கப்புறம் மேசையில் அடிப்பதும் உருட்டுவதும் பைக்கும் செருப்புக்கும்தான். கையால் செய்யும்போது கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள், பிறகு வேண்டுமானால் இன்னும் இறுக்கலாம். மாதிரித் துண்டில் கம்பளியின் எடை, அளவு எழுதிய சீட்டை ஊக்கால் குத்திப் பெட்டியில் போட்டு வையுங்கள். இரண்டு வேப்பிலைக் கொத்தும் கூடவே.