தோற்று வரும் பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகள் செஸ் போட்டிகளில் நடுவராக இருந்தவர்.)

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் விளையாட்டாகச் செஸ் கற்றுக்கொண்டான், மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கினான். அன்றிலிருந்து என் கணவர் ஆளே மாறிவிட்டார். குகேஷின் அப்பா டாக்டர் தொழிலையே விட்டார் என்று சொல்லி, கணக்காளர் வேலையை விட்டுவிட்டார். காலை நாலரைக்கு எழுப்பி, பள்ளிக்குப் போகுமுன் ஐம்பது பஸில் போடவைக்கிறார். ஆட்டத் திறனுக்குப் புள்ளியாகக் கொடுக்கும் ரேட்டிங் 1612 இருந்தது, போன போட்டியில் 1540 ஆனது. இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. இப்போதெல்லாம் போட்டி அன்று காலையில் பிள்ளைக்கு வயிற்று வலி வந்துவிடுகிறது. நடிக்கிறான் என்கிறார் இவர். உண்மையாகவே நடிக்கிறானா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், சகோதரி. உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் ‘அப்போ நடிப்புதான்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயத்தில் வரும் வயிற்று வலியும் வலிதான். முதல் சுற்று தொடங்கும் முன் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்கும் சின்னப் பிள்ளைகளை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்காரப்போகும் பையனை நினைத்து அவர்கள் பயப்படுவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் முகத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள்.

ஒன்பது வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்று. ஆட்டம் முடிந்து, தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு ஒரு பையன் எழுந்திருக்கவே இல்லை. குனிந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். பக்கத்தில் போய், “என்னப்பா, லேஸ் அறுந்துபோச்சா?” என்றேன். “அப்பா போனதுக்கப்புறம் வரேன் சார்” என்றான். அவன் அப்பா எங்கே போவார்? அவனைக் கூட்டிப்போகத்தானே நிற்கிறார்! அது அவனுக்கும் தெரியும். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தான்.

இப்போது உங்கள் கணவருக்கு. தம்பி, நீங்கள் கணக்காளர், அதனால் கணக்காகவே சொல்கிறேன். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு ரேட்டிங் கணக்கில் 40 என்ற காரணி வைத்திருக்கிறார்கள். ரேட்டிங் உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது 20. சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் அதில் பாதி போகும்: பெரியவருக்கு 10 புள்ளி, உங்கள் பிள்ளைக்கு 20. வென்றாலும் அதே வேகத்தில் ஏறும். பிள்ளைகள் சட்டென்று வளர்கிறார்கள், ரேட்டிங்கும் அவர்களைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். 72 புள்ளி இறங்கியது என்றால், கூடுதலாக மூன்று நான்கு ஆட்டம் தோற்றிருக்கிறான், அவ்வளவுதான். அதற்கா இரண்டு நாள் மௌனம்?

குகேஷின் கதையையும் முழுசாகப் பாருங்கள். அவர் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் தகுதிக்காக நாடு நாடாகப் போக வேண்டிய கட்டம் வந்தபோதுதான் அவர் தொழிலை நிறுத்திக் கூடப் போனார். அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. 2019இல் 12 வயது 7 மாதத்தில் பட்டம் வந்தது, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். பையன் முன்னால் ஓடினான், அப்பா பின்னால் போனார். உங்கள் வீட்டில் நீங்கள் முன்னால் ஓடுகிறீர்கள், பையனை இழுத்துக்கொண்டு. அப்புறம், வேலையை விட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு அலைந்து ஒன்றும் ஆகாமல் திரும்பிய அப்பாக்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. எனக்குச் சிலரைத் தெரியும்.

ஆனந்த் சின்ன வயதில் கொஞ்ச காலம் மணிலாவில் இருந்தார். அங்கே பகலில் டிவியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். மகன் பள்ளியில் இருக்கும்போது அம்மா அதில் வரும் புதிரைக் குறித்துவைப்பார், சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசாகப் புத்தகம் வாங்கி வாங்கி, கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே, “எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே” என்று சொன்னதாக ஆனந்தே சொல்லியிருக்கிறார். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து செய்த காரியம் அது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, அது நல்ல தகுதி இல்லை. என் மகளை நானும் இப்படித்தான் விரட்டினேன். தோற்ற நாளில் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, வீடு வரை ஒவ்வொரு நகர்த்தலாகக் கேட்டுக்கொண்டே வருவேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். ஒருநாள் அந்தக் குரலும் நின்றுபோயிற்று. பதின்மூன்று வயதில் ஆட்டத்தை விட்டாள். இப்போது முப்பத்து நாலு வயது. ராத்திரியில் போனில் விளையாடுகிறாள் என்று மருமகன் சொல்லித்தான் தெரியும். நான் அறைக்குள் போனால் திரையைத் திருப்பிவைத்துவிடுகிறாள்.

ஆகவே இரண்டு மாதம் போட்டி வேண்டாம். காலைத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். செஸ் வகுப்புக்குப் போகிறேன் என்று அவனாகக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். தோற்ற ஆட்டத்தைக் கோச் மறுநாள் அவனோடு உட்கார்ந்து பார்க்கட்டும், அது அவர் வேலை. அரங்கிலிருந்து வெளியே வந்ததும் தண்ணீர் கொடுங்கள், “பசிக்குதா?” என்று கேளுங்கள். அவனாக வாய் திறக்கும் வரை ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். உங்கள் கணவர் ஒரு வேலைக்குப் போகட்டும். அப்பா தன்னால் வேலை இழந்தார் என்ற பாரம் ஒன்பது வயதுத் தோளுக்கு ஆகாது.

கேள்வி: ஹங்கேரியில் போல்கார் என்பவர் மூன்று மகள்களையும் வீட்டிலேயே பயிற்றுவித்து செஸ் மேதைகளாக்கினாரே! அப்படியானால் எந்தக் குழந்தையையும் மேதையாக்கலாம்தானே?
(வாசகர், காரைக்குடி)

பதில்: லாஸ்லோ போல்கார் அப்படித்தான் சொன்னார். சூசன், ஜூடித் இருவரும் 1991இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். ஜூடித்துக்கு அப்போது 15 வயது. நடு மகள் சோஃபியாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நடுராத்திரியில் குளியலறையில் செஸ் போர்டோடு உட்கார்ந்திருந்தாளாம். “காய்களை விட்டுட்டுப் போய்த் தூங்கு” என்றாராம் அப்பா. “அதுங்கதான் என்னை விடமாட்டேங்குது அப்பா” என்றாளாம் அவள். அந்த வீட்டில் நிறுத்து என்று சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படி? அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மூன்று பிள்ளைகளை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டம் எழுத முடியாது என்பது என் கருத்து.

கேள்வி: ஆறு வயதுப் பேத்தி நாலாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். டபுள் பிரமோஷன் வாங்கி, யூடியூப் சேனலும் தொடங்க வேண்டும் என்கிறார்கள் மகனும் மருமகளும். எனக்கு மனசு ஒப்பவில்லை. சாயங்காலம் என்னோடு நடக்க வருவாள். யானைக்கு எத்தனை பல் என்று நேற்றுக் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.
(தாத்தா, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது, ஐயா. அமெரிக்காவில் வில்லியம் சைடிஸ் என்று ஒரு பையன். 1909இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தான், அடுத்த ஜனவரியில் கணிதப் பேராசிரியர்கள் முன் நாற்பரிமாண உருவங்கள் பற்றிப் பேசினான். அப்பா மனவியல் அறிஞர், தன் வளர்ப்பு முறைக்குச் சாட்சியாக மகனைக் காட்டினார். பத்திரிகைகள் பின்னாலேயே சுற்றின. வளர்ந்தபின் அவர் யார் கண்ணிலும் படாமல், சாதாரண குமாஸ்தா வேலைகளில் ஒளிந்து வாழ்ந்தார். 1944இல், 46 வயதில் இறந்தார். அந்தக் காலத்துக்குப் பத்திரிகை என்றால் இந்தக் காலத்துக்கு யூடியூப். சேனல் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வகுப்பை மாற்றவும் அவசரம் வேண்டாம். புத்தகத்தை மட்டும் மேல் வகுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமே.

யானைக்கு ஒரு நேரத்தில் வேலை செய்யும் கடைவாய்ப் பற்கள் நாலுதான், பக்கத்துக்கு ஒன்றாக மேலும் கீழும். தேயத் தேயப் பின்னாலிருந்து புதுசு வரும், ஆயுளில் மொத்தம் ஆறு செட். இன்று நடக்கும்போது சொல்லுங்கள். அடுத்து என்ன கேட்டாள் என்று எனக்கும் எழுதுங்கள்.