வாக்குத்தத்த அட்டை திரும்பியே இருக்கட்டும்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கம் இருக்கிறேன். வயது 46. பதினோரு மாதத்துக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. நாள் கூலிக்குக் கொழுந்து பறித்துத்தான் குடும்பம் ஓடுகிறது. ஜெபிக்க வந்த ஒருவர், “இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, விசுவாசமும் போதவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து முழங்கால் போட்டால் வார்த்தையே வரவில்லை. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். என் அம்மா 1970களில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் விடியற்காலையில் ஆண்டவரோடு சண்டை போடுவதுபோல ஜெபிப்பார். எனக்கு அதுவும் வரவில்லை. சில ராத்திரி, விடியாமலே போனால் தேவலை என்றிருக்கிறது. நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா?

- பெயர் வேண்டாம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தின வரியிலிருந்து தொடங்குகிறேன். விடியாமலே போகட்டும் என்ற நினைப்பு இனி வந்தால், அந்த ராத்திரியே பக்கத்தில் இருக்கிற யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இதைச் செய்வதால் விசுவாசம் குறைந்துவிடாது. எலியா தீர்க்கதரிசியே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டவர்தான். அவருக்கு அப்போது யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு தூதன் தட்டி எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். ஆண்டவர் பேசியது அதற்கெல்லாம் பிறகு, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. நீங்கள் ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்தது, அந்த மனிதர் சொன்னது. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டுமில்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரம், எடுத்துப் பாருங்கள். பக்கவாதம் என்பது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. பலருக்கு அதன் பின்னால் இருப்பது கவனிக்காமல் விட்ட பிரஷர். உங்கள் வீட்டுக்குள் குற்றவாளி தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இப்படி நொந்துபோன வீட்டு வாசலில் நின்று பாவக் கணக்குப் பார்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். அழுது முறையிட்ட யோபுவை அல்ல.

உங்கள் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. இந்தியாவும் சிலோனும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்தவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று இந்த மலையில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம், பிறகு உடம்புக்குப் பழகாத குளிரில் மறுபடியும் அதே தேயிலை. அப்படி வந்தவர் ஆண்டவரிடம் மரியாதையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருப்பாரா? சண்டைதான் போடுவார். சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரிச் சண்டையும் புலம்பலும்தான். மற்ற புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். 88ஆம் சங்கீதம் அதற்கும் வராது. “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று அப்படியே இருட்டில் நின்றுவிடும். அதை யாரும் கிழித்துப் போடவில்லை. வேதத்துக்குள்ளேதான் இருக்கிறது. உங்களுக்கு வார்த்தை வராத ராத்திரி அந்த 18 வசனத்தையும் சத்தமாக வாசியுங்கள். வேறொருவர் அழுத அழுகையை இரவல் வாங்குவதில் தப்பில்லை. வாசிக்கவும் முடியவில்லையா, சும்மா உட்காருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் எனக்கும் ஜெபம் நின்றுபோனது. குன்னூரில் அப்போது நல்ல மழை. எங்கள் சபையில் வயதான அம்மா ஒருவர் தினமும் சாயங்காலம் நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வருவார். தூக்குச்சட்டியில் சோறு, மேலே சின்னக் கிண்ணத்தில் அவரைக் குழம்பு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு பட்டாணி உரிப்பார். ஒரு வசனம் சொன்னதில்லை. தோல் முறத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஆண்டவர் என் பக்கத்தில் இருந்தார் என்று நான் சொன்னால், அந்தச் சத்தத்தைத்தான் சொல்கிறேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் நேரே போய், “ஜெபிக்க ஆள் வேண்டாம், உட்கார ஆள் வேண்டும்” என்று சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேர், வாரம் இரண்டு நாள், நீங்கள் கொழுந்துக்குப் போயிருக்கும் நேரம் உங்கள் கணவரோடு இருக்கட்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதிந்தால் பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். பதினோரு மாதம் ஆகிவிட்டதே என்று பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். முதல் மாதங்களின் வேகம் இருக்காது, ஆனாலும் கையும் பேச்சும் இன்னும் தேறலாம்.

நீங்கள் விசுவாசத்தை விடவில்லை. விட்டவர்கள் அட்டையைக் கிழித்து அடுப்பில் போடுவார்கள், நீங்கள் திருப்பித்தான் வைத்திருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும், அவசரமில்லை. ஆயர் என்ன சொன்னார், உங்கள் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடி நடக்கிறார், இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.