நிரந்தரப் பணி யாருக்குக் காவல்?

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் படிக்கிறான். அங்கே ஒரு பேராசிரியர் பல வருடமாக ஒரே நோட்டை வைத்துக்கொண்டு குறிப்புச் சொல்லிவிட்டுப் போகிறாராம். வேலை நிரந்தரம் ஆகிவிட்டதால் அவரை யாரும் அசைக்க முடியாதாம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வைத்தால் ஒழுங்காகப் பாடம் நடத்தமாட்டார்களா?

— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவரை அசைக்க முடியாது என்பது சரியல்ல. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் சட்டம் ஆசிரியரை நீக்கவே கூடாது என்று சொல்லவில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரித்து, கல்வித்துறையின் முன் அனுமதி பெற்று நீக்கலாம் என்றுதான் சொல்கிறது. அதற்கு நிர்வாகம் சற்று மெனக்கெட வேண்டும். மெனக்கெடாத நிர்வாகங்கள் பழியைச் சட்டத்தின் மேல் போட்டுவிடுகின்றன.

அமெரிக்காவில் இந்தப் பாதுகாப்பு கருத்துரிமைக்காகப் பிறந்தது. 1900இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர், நிறுவனரின் மனைவிக்குத் தம் கருத்துகள் பிடிக்காமல் போனதால் வெளியேற நேர்ந்தது. (சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைப் பற்றி அவர் பேசியவை இன்று படிக்கவே கூசுபவை, ஆனால் பிரச்சினை அதுவல்ல.) 1915இல் அங்கே பேராசிரியர்களின் சங்கம் உருவானதற்கு இத்தகைய நீக்கங்களும் காரணம்.

நம் ஊரில் அவ்வளவு பெரிய கருத்துகளுக்குப் போகவேண்டியதில்லை. இருபத்தைந்து மதிப்பெண் போதும். பருவத் தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25 என்ற கணக்கில், அந்த இருபத்தைந்தும் ஆசிரியரின் பேனாவில் இருக்கிறது. வகுப்புக்கே வராத பையனுக்காக நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒருவரிடமிருந்து தொலைபேசி வரும்போது, 'முடியாது சார்' என்று நிரந்தரப் பணியில் இருப்பவர் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். ஆனால் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்ப்பவருக்கு அப்படி மறுக்கும் வாய்ப்பே கிடையாது. அவர் மே மாத வெயிலில் விண்ணப்பக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, களக்காட்டுப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்தால்தான் ஜூனில் அவருக்கு வகுப்பு உண்டு. நீங்கள் கேட்கும் ஒப்பந்த முறை ஏற்கெனவே அங்கே நடைமுறையில் இருக்கிறது. பாடம் நடத்தும் திறமைக்காக அந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. புதுப்பிக்கும் கை நிர்வாகத்தினுடையது. உங்கள் மகனிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே நிரந்தரத்தை எடுத்துவிட்டால் நோட்டு மாறாது, பயம்தான் கூடும். பணி நிரந்தரம் ஆகும் முன் வரும் தகுதிகாண் பருவத்தை வெறும் சடங்காக முடித்துக் கையெழுத்துப் போடுகிறார்களே, கேள்வி கேட்கவேண்டிய இடம் அது. இந்தப் பேராசிரியரைப் பொறுத்தவரை, நாலைந்து பெற்றோர் சேர்ந்து முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலைத் திருநெல்வேலி மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் அனுப்புங்கள். ஒப்புகை வாங்க மறந்துவிடாதீர்கள்.