இலையின் இடப்பக்கம் தெரியாத அப்புச்சி

கேள்வி: என் அப்புச்சிக்கு வயது 68. கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்தில் மஞ்சள் பயிரிடுகிறார். பத்து நாட்களுக்கு முன் தலைவலியோடு எழுந்தவர், அன்று முதல் இடப்பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். இலையின் இடது மூலையில் வைத்த ஊறுகாயை, வைக்கவே இல்லை என்கிறார். இடது கண் போய்விட்டது என்பது அவர் புலம்பல். கண் மருத்துவரோ, கடைசி வரி வரை படிக்கிறார், விழித்திரையும் நன்றாக இருக்கிறது என்கிறார். வயதான காலத்துப் பிடிவாதம் என்று வீட்டில் பேசுகிறார்கள். அப்படித்தானா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: பிடிவாதம் என்று தோன்றவில்லை. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தடைப்பட்டதால் வந்த பக்கவாதமாக இருக்கலாம். கை கால் விழாமலும் அது வரும்.

அவரை எதிரே உட்காரவைத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவருக்கு இடப்பக்கமாக விரலை அசைத்துக் காட்டுங்கள். வலது கண் மட்டும் திறந்திருக்கும்போதும் அந்த விரல் தெரியவில்லை என்றால், போனது இடது கண் அன்று, இரு கண்களிலும் இடப்பாதிப் பார்வை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் நரம்பிழைகளில் ஏறக்குறைய பாதி இழைகள், போகும் வழியில் எதிர்ப்பக்கம் மாறுவதால், இடப்பக்கக் காட்சி முழுவதும் வலது மூளையின் பின்பகுதிக்கே சென்று சேர்கிறது. 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் பின்தலையில் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்துத்தான், தட்சுஜி இனோவே என்ற கண் மருத்துவர் மூளையின் இந்தப் பகுதிக்கு வரைபடம் தீட்டினார்.

கண் மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை. எழுத்துப் பலகை நடுப்பார்வையைத்தான் அளக்கிறது. வெளிச்சம் பட்டால் பாவை சுருங்குவதற்கான நரம்பு வழியும் மூளையின் பின்பகுதியை எட்டுமுன்பே பிரிந்துவிடுவதால், அதுவும் சரியாகவே இருக்கும். விடுபட்டது, நேரே பார்த்தபடியே சுற்றிலும் எதுவரை தெரிகிறது என்று ஒவ்வொரு கண்ணுக்கும் அளக்கும் பார்வைப்புலப் பரிசோதனை. அதில் இரு கண்களின் படத்திலும் ஒரே பக்கம் கருத்திருந்தால், அடுத்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். காரணத்தைத் தேட இ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை, கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் ஆகியவையும் தேவைப்படும்.

இந்தப் பதில் அச்சேறும் வரை காத்திராமல் உங்களுக்குத் தனியே தெரிவித்துவிட்டோம்; ஏனெனில் முதல் பக்கவாதத்தை அடுத்த நாட்களில்தான் மறுபடி வரும் அபாயம் மிகுதி. மற்ற வாசகர்கள், திடீரென்று பார்வை பாதியானால், தலைவலி குறையட்டும் என்று பாராமல் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இழந்த பார்வை ஓரளவு திரும்பினால், பெரும்பாலும் முதல் சில மாதங்களில் திரும்பும். மீதிக்கு, இடப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சியால் வளர்க்கலாம். மருத்துவர் சொல்லும் வரை மொபெட் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மேட்டுக்குத் தனியே அனுப்பாதீர்கள்.