வயலின் வாத்தியார் பதில்கள்

கேள்வி: ஐயா, நான் விசைப்படகு டிரைவர். மகன் போனில் மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ரா போட்டுக் காட்டுகிறான். முப்பது வயலின் ஒன்றாக இரைகிறது. பாட்டும் இல்லை, தாளமும் பிடிபடவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
– வாசகர், பாம்பன்

பதில்: அடியைப் பிடியுங்கள் தம்பி. மேலே ஓடும் மெட்டை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே கனமாக ஒலிக்கிற சுரத்தைக் கேளுங்கள்.

தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவுக்கு நான் வயலின் வாசித்த காலத்தில், அடிக்குரல் பாடும் அண்ணன் ஒருவர் இருந்தார். கடல்தொழில்காரர். மொத்தப் பாட்டிலும் அவருக்கு நாலைந்து சுரம்தான். ‘இதுக்கு ஒரு ஆளா?’ என்று நினைத்திருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி வாடைக்காற்று தூக்கி அடித்ததில், அவர் கரை சேர விடிந்துவிட்டது. பூசையில் நாங்கள் சுரம் பிசகாமல்தான் பாடினோம். ஆனால் ஒவ்வொரு வரி முடியும்போதும், எங்கே இறங்குவதென்று தெரியாமல் பாட்டு அந்தரத்தில் நின்றது. ஹார்மனி, அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்துப் பொருந்துவது, என்னவென்று அன்றுதான் என் காது திறந்தது.

நம் சங்கீதத்தில் தம்புரா சுருதி கச்சேரி முடியும்வரை ஒரே இடத்தில் நிற்கும். நங்கூரம் போட்ட வள்ளம் அது. மேல்நாட்டு இசையிலோ நங்கூரத்தையே தூக்கி வேறிடத்தில் போடுவார்கள். மெட்டு அதேதான், நிற்கிற இடம் வேறு, அதனால் நிறம் மாறிவிடும்.

மகனிடம் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் ‘ஹெப்ரிடீஸ்’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசையைப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம்தான். 1829இல், இருபது வயதில், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போனவர், அங்கே மனதில் எழுந்த தொடக்கத்தைச் சுரக்குறிப்பாகவே கடிதத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார். வயலினைவிடக் கனத்த குரலுள்ள செல்லோ, வியோலா என்ற தந்தி வாத்தியங்களும் பஸூன் என்ற ஊதும் வாத்தியமும் சேர்ந்து கீழ்நோக்கி உருட்டும் ஒரு சின்னப் பிடி அது. மேலே வயலின்கள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்கும். அந்தப் பிடி இரண்டு தடவை ஒரே இடத்தில் வரும், அடுத்த இரண்டு தடவை நங்கூரம் மாறியிருக்கும், அதற்கடுத்து இன்னோரிடம். தாளம் எண்ண வேண்டாம். காற்றடங்கிய நாளில் தென்கடலில் படகைத் தூக்கி இறக்குகிற நீளமான அலையை உங்கள் உடம்புக்குத் தெரியும். அது போதும்.

1832இல் லண்டனில் அரங்கேறும் முன்பு அவருக்கே அதில் திருப்தியில்லை. நடுப்பகுதியில் மீன் எண்ணெய், கடல்காக்கை, உப்புமீன் வாசத்தைவிட இசை இலக்கண வாசம்தான் தூக்கலாக இருக்கிறது என்று அக்காவுக்கு எழுதினார், திருத்தவும் செய்தார். இதைப் படித்த நாளிலிருந்து அவர் எனக்கு நம் கரைக்காரர்தான்.

கேள்வி: கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் எப்படி வந்தது?
– வாசகி, கீழக்கரை

பதில்: முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் ராகங்களுக்குப் பழக்கினார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்ட அண்ணன், அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள், எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுரங்களில். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. பிள்ளைகளுக்கு அதை முதலில் தம்புராவோடு சொல்லிக்கொடுப்பேன். அடுத்த நாள் கிட்டாரில் அடிச்சுரத்தை மாற்றி மாற்றிப் போட்டு, அதையே பாடச் சொல்வேன்.