பத்திரக் கட்டிலிருந்து புத்தகத்துக்கு: கேள்வி பதில்

குடும்ப வரலாறு தேடிச் சேர்த்தவர்கள், அதைக் கதைகளாக எழுதி அச்சில் கொண்டுவருவது பற்றிக் கேட்டவையும் பதில்களும்.

கேள்வி: மூன்று நோட்டு, ஆறு மணி நேர ஒலிப்பதிவு, ஒரு கட்டுப் பத்திரம் இருக்கிறது. எங்கே தொடங்க?

பதில்: தெரிந்த முதல் பாட்டனாரிடம் தொடங்காதீர்கள். அவரைப் பற்றிப் பெயர் மட்டும்தான் தெரிந்திருக்கும். முதல் பக்கமே பட்டியலாகிவிடும். கட்டிலிருந்து ஒரே ஒரு பத்திரத்தை எடுங்கள். பாகப்பிரிவினை என்றால் உத்தமம். பங்காளிகள் அத்தனை பேரும் வயதோடு அதில் வரிசையாக இருப்பார்கள். ‘மைனருக்காகத் தாயார் கார்டியன்’ என்று கண்டால், அநேகமாகத் தகப்பன் அதற்குள் இறந்திருப்பார். கிரயப் பத்திரம் என்றால் ஏன் விற்றார்கள் என்ற வரியைத் தேடுங்கள்: ‘மகள் கலியாணச் செலவுக்காகவும் முன் கடன் தீர்க்கவும்’ என்று இருக்கும். உங்கள் கதை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நான்கு எல்லையில் யார் யார் நிலம், யார் கையெழுத்து, யார் கைநாட்டு, யார் சாட்சி எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதுங்கள். முன் பத்திரத்தின் எண்ணும் வருடமும் உள்ளேயே குறிப்பிட்டிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு நகல் மனுப் போடுங்கள்.

பிறகு அந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வருடத்தை மட்டும் எழுதுங்கள். முதல் அத்தியாயம் அதுதான்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா ஜாதகத்தில் ‘துன்மதி வருஷம் தை மாதம்’ என்று இருக்கிறது. ஆங்கில வருடம்?

பதில்: துன்மதி 1921 சித்திரையில் பிறந்தது, தை என்றால் 1922 ஜனவரி, பிப்ரவரி. ஆனால் இந்த வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும், அதனால் 1862ஆகவும் இருக்கலாம். குருவையும் சனியையும் வைத்து இதைத் தீர்க்க முடியாது, அறுபது வருடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடும். ராகுவைப் பாருங்கள். அதன் சுற்று பதினெட்டரை வருடம் என்பதால், இரண்டு துன்மதிக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று ராசி தள்ளி நிற்கும். அதோடு கிழமையும் நட்சத்திரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எழுத்தையும் இன்னொரு முறை பாருங்கள். துன்முகி வேறு, அது 1896, 1956. ஓலையிலும் மங்கிய மையிலும் ‘ம’வும் ‘மு’வும் ஏமாற்றும்.

கேள்வி: நாகர்கோவில் பக்கத்துப் பத்திரத்தில் 1098 என்று இருக்கிறதே?

பதில்: கொல்லம் ஆண்டு. ஆவணியில் தொடங்கும். டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டுங்கள்: 1922, 1923. வருவாய்த்துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டு வேறு: ஜூலை முதல் டிசம்பர் வரை 590, பிறகு 591.

கேள்வி: நாங்கள் சோழர் வம்சம் என்று பெரியப்பா சொல்கிறார். முதல் அத்தியாயமாக வைக்கலாமா?

பதில்: பெரியப்பா சொன்னார் என்று வையுங்கள்.

கேள்வி: 1890லும் 1935லும் ‘முத்தையா மகன் ராமசாமி’ என்றே பத்திரம் கிடைத்தது. எங்கள் தாத்தா நிலம் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்!

பதில்: நில்லுங்கள். இந்தப் புள்ளியில்தான் நிறையக் குடும்பப் புத்தகங்கள் கவிழ்கின்றன. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீட்டில் முத்தையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்தையா, மறுபடி முத்தையா மகன் ராமசாமி. இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை அதே வரி திரும்பும். 45 வருட இடைவெளி என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். மனைவி பெயர், வயது, கையெழுத்தா கைநாட்டா, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் இருவரையும் ஒருவராக ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஆத்தா 1942இல் பர்மாவிலிருந்து தமு, பலேல் வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்தார். வழியில் பேசியதை நானே உரையாடலாக எழுதலாமா?

பதில்: கூடாது. மேற்கோள் குறி போட்டால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது என்று பொருள். அவர் சொல்லிச் சொல்லி வீட்டில் நிலைத்துவிட்ட வாக்கியம் இருந்தால் அதை மட்டும் போடுங்கள், யார் மூலம் கேட்டது என்பதோடு.

இன்னொருவர்: அப்படி எழுதினால் பதிவேடு படிப்பது போலத்தான் இருக்கும். கதை என்றுதானே சொல்கிறோம்?

பதில்: அப்படியானால் அட்டையில் ‘நாவல்’ என்று போட்டு, பெயர்களை மாற்றிவிட்டு இஷ்டம்போல் எழுதுங்கள். இரண்டிலும் கால் வைக்காதீர்கள். வறட்சி வராமலிருக்கத் தமிழிலேயே வசதி இருக்கிறது. காகிதத்தில் இருப்பது ‘வந்தார்’. காதால் கேட்டது ‘வந்தாராம்’. உங்கள் ஊகம் ‘வந்திருப்பார்’. ஒரே விகுதியில் ஆதாரம் தெரிந்துவிடுகிறது, அடிக்குறிப்பே வேண்டாம்.

அதே நபர்: பக்கம் முழுக்க ‘ஆம், ஆம்’ என்றால் பேய்க்கதை மாதிரி இருக்காதா?

பதில்: இருக்கும், நியாயம். அதனால் பகுதியின் தலையில் ‘ஆத்தா சொன்னபடி’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு நேராக ‘நடந்தார்கள்’ என்றே எழுதுங்கள். பகுதி முடியும்போது காகிதத்துக்குத் திரும்புங்கள். மணிப்பூரிலிருந்து திமாப்பூர் வந்தால்தான் ரயில். அந்த வழி வேறு பதிவுகளிலும் இருக்கிறது. அதை நேர் வாக்கியத்தில் எழுதலாம். மழை பெய்ததா, அவர் அழுதாரா என்பதெல்லாம் ‘இருக்கும்’.

மூன்றாமவர்: என் சித்தப்பா எழுதிய கற்பனை வசனத்தை இப்போது குடும்பமே உண்மை என்று நம்புகிறது.

பதில்: இதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: தாத்தாவின் இரண்டாவது குடும்பத்தைப் பற்றி எழுதினால் வழக்கு வருமா?

பதில்: இறந்தவர் மேல் அவதூறு கிடையாது என்பது தவறான நம்பிக்கை. உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கோடு எழுதினால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின் முதல் விளக்கத்தில் அது அடங்கும். அந்தக் கிளையில் உயிரோடிருப்பவர்களிடம் அச்சுக்கு முன் படித்துக் காட்டுங்கள். குறிப்பான சிக்கல் என்றால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு அவர் நண்பர் எழுதிய கடிதங்கள் என்னிடம் உள்ளன. அப்படியே போடலாமா?

பதில்: தாள் உங்களுடையது, வாசகம் எழுதியவருடையது. அவர் இருந்தால் அவருடைய அனுமதி, இல்லையென்றால் வாரிசுகளின் அனுமதி வேண்டும்.

கேள்வி: எங்கே தொடங்குவது? எல்லாம் குழப்பமாக இருக்கிறது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஐம்பது பிரதி மட்டும் போதும். அச்சுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஐம்பதுக்கு ஆஃப்செட் கட்டாது, டிஜிட்டலில் போடுங்கள். பின்னால் ஆஃப்செட்டுக்குப் போகும் எண்ணமிருந்தால் டெமி என்ற புத்தக அளவில் 16இன் மடங்காகப் பக்கத்தை முடியுங்கள்: 96 அல்லது 112. ஓர் அங்குலப் படத்தை நான்கு அங்குலமாகப் பெரிதாக்குவதானால் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்ய வேண்டும். வாட்ஸாப்பில் வந்த படம் வேண்டவே வேண்டாம். யூனிகோடை அச்சகத்தார் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ‘கொ’, ‘கோ’, ‘ஸ்ரீ’ உடையும். பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். புத்தகத்துக்கான சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் இரண்டு ராமசாமி...

பதில்: மனைவி பெயர், வயது, கைநாட்டு.